தில்லிக்குப் படிக்க வருபவர்களுக்கு: முதல் ஆண்டுக்கான வழித்துணை

சென்னையில் இரவு ஏறினால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 33 மணி நேரம் ஓடி, மறுநாளுக்கு அடுத்த நாள் காலையில் புது தில்லியில் இறக்கிவிடும். கல்லூரி திறக்கும் சமயத்தில் அந்த நடைமேடையில் நின்று பார்த்தால் போதும். பெட்டியும் பக்கெட்டும் ஊறுகாய் பாட்டிலுமாக நம் பிள்ளைகள் இறங்கிக்கொண்டே இருப்பார்கள். அவர்களில் நிறையப் பேர் மூன்று ஆண்டு கழித்துப் பட்டத்தோடு ஊர் திரும்புகிறார்கள். ஆனால் அறை, வகுப்பு, மெஸ் தாண்டி தில்லியில் ஓர் இடத்திலும் கால் வைத்திருக்க மாட்டார்கள். கேட்டால் இந்தி வராது, குளிர், கையில் காசு இல்லை என்பார்கள். எனக்கு இது பெரிய ஆற்றாமை. இந்த நகரத்தின் அரங்குகளிலும் நூலகங்களிலும் பாதிக்கு மேல் உள்ளே போகக் காசு வேண்டாம், அழைப்பிதழ் வேண்டாம், இந்திகூட வேண்டாம். முதல் மாதத்திலேயே அங்கே போய்ப் பழகிவிட்டவர்கள் கடைசி வரை போகிறார்கள். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றவர்கள் போவதே இல்லை. அந்த முதல் மாதத்தை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஊரைவிட்டுக் கிளம்பும் முன்: காகிதங்கள்

தில்லிப் பல்கலைக்கழகத்தின் இளநிலை வகுப்புகளுக்கு 2022 முதல் கியூட் நுழைவுத் தேர்வு வழியாகத்தான் இடம். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் தகுதிக்கு வேண்டும். சமநிலை வந்தால் யார் முன்னால் என்று முடிவு செய்யவும் உதவும். மற்றபடி கியூட் மதிப்பெண்தான் எல்லாம். பதின்மூன்று மொழிகளில் இந்தத் தேர்வு நடக்கிறது, தமிழும் அதில் உண்டு. பாடத் தேர்வில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடத்தையே கியூட்டிலும் எழுதியிருக்க வேண்டும் என்பது தில்லிப் பல்கலையின் விதி. விண்ணப்பிக்கும்போதே, நீங்கள் சேர விரும்பும் படிப்புக்கு எந்தப் பாடங்களின் கூட்டு வேண்டும் என்று பல்கலையின் அறிக்கையில் பார்த்துவிடுங்கள். தேர்வு முடிந்த பிறகு அதைத் திருத்த வழியில்லை.

கியூட் எழுதியதோடு வேலை முடிந்துவிடாது. பல்கலையின் சேர்க்கைத் தளத்தில் தனியாகப் பதிவு செய்து, கல்லூரியும் படிப்பும் சேர்ந்த விருப்பப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். நான்கைந்து பெரிய பெயர்களை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருந்து ஏமாந்தவர்களை நான் அறிவேன். நீண்ட பட்டியலாகக் கொடுங்கள், வரிசையை மட்டும் யோசித்துப் போடுங்கள். முதல் சுற்றில் எந்த இடம் கிடைத்தாலும் குறித்த நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டு கட்டணம் கட்டிவிட்டு, மேலே உள்ள விருப்பத்துக்காகக் காத்திருப்பதாகத் தெரிவிக்கலாம். ஏற்றுக்கொள்ளாமல் விட்டால் சேர்க்கை வரிசையிலிருந்தே வெளியேறிவிடுவீர்கள்.

இனி, தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கே உரிய இரண்டு சிக்கல்கள். முதலாவது சாதிச் சான்றிதழ். கையில் இருக்கும் பிசி, எம்பிசி சான்றிதழை மத்தியப் பல்கலைக்கழகங்கள் ஏற்காது. உங்கள் சாதி மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்தோர் பிரிவான கிரீமி லேயரில் வரவில்லை என்று குறிப்பிடும் ஓபிசி சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், வட்டாட்சியர் அலுவலகம் வழியாக வரும். அது நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். ஜூலையில் ஓடினால் நாள் போதாது.

இரண்டாவது இனிஷியல். வடக்கே படிவங்கள் குடும்பப் பெயர் கேட்கும், நமக்கு அது கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயரும் இனிஷியலும் எப்படி இருக்கின்றனவோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் ஊரில் இருக்கும்போதே திருத்திவிடுங்கள். ஓரிடத்தில் அப்பா பெயரை விரித்தும் இன்னோரிடத்தில் ஒற்றை எழுத்தாகவும் போட்டவர்கள் ஜன்னல் ஜன்னலாக அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். மாற்றுச் சான்றிதழோடு மைக்ரேஷன் எனப்படும் இடப்பெயர்வுச் சான்றிதழையும் வாங்கி வர வேண்டும்.

ஜேஎன்யூவிலும் ஜாமியாவிலும் சேர்பவர்கள் அந்தந்தப் பல்கலையின் அறிவிப்பைத் தனியாகப் படியுங்கள். ஜேஎன்யூவில் இளநிலையில் பெரும்பாலும் அயல்மொழிப் படிப்புகள்தான், கலைப் பாடங்களுக்கு முதுநிலையில்தான் கதவு திறக்கும். காஷ்மீரி கேட் அருகே உள்ள அம்பேத்கர் பல்கலைக்கழகம் மாநில அரசுடையது. அங்கே 85 விழுக்காடு இடங்கள் தில்லியில் படித்தவர்களுக்கே, எஞ்சியதில்தான் நமக்குப் போட்டி.

தங்குமிடம்

கல்லூரி விடுதி கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம், போய்விடுங்கள். ஆனால் விடுதி இடங்கள் குறைவு, பெரும்பாலானவர்கள் பிஜி என்று இங்கே எல்லாரும் சொல்லும் தங்கும் வீடுகளில்தான் இருக்க நேரும். தில்லிப் பல்கலையின் நார்த் கேம்பஸ் என்றால் கமலா நகர், விஜய் நகர், ஹட்சன் லேன், முகர்ஜி நகர். ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரிப் பக்கம் என்றால் எதிரிலேயே சத்யா நிகேதன். ஜேஎன்யூ, ஐஐடி பக்கம் முனீர்க்கா, பேர் சராய், கட்வாரியா சராய்.

அறையைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். முதல் வாரத்துக்கு மட்டும் தெரிந்தவர் அறையிலோ சிறு விடுதியிலோ தங்கிவிட்டு, நடந்து தேடுவதுதான் சரி. முன்பணம் திரும்ப வருமா, எவ்வளவு நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மின்சாரத்துக்கு வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எவ்வளவு கேட்கிறார் என்று விசாரியுங்கள். ஏசியும் ஹீட்டரும் ஓடும் மாதங்களில் வாடகையைவிட இதுதான் உறுத்தும். இரவு எத்தனை மணிக்குக் கதவு பூட்டுவார்கள் என்பதையும் கட்டாயம் கேளுங்கள். மாலை நிகழ்ச்சிகள் எட்டரைக்கு மேல்தான் முடியும். எட்டு மணிக்கே பூட்டும் இடத்தில், அதுவும் பெண்களுக்கு மட்டும் அப்படிப் பூட்டும் இடங்கள் ஏராளம், இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குப் பயன்படாமல் போய்விடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நிலத்தடித் தளத்தில் அறை எடுக்காதீர்கள், நிலத்தடியில் நடக்கும் படிப்பறைகளிலும் உட்காராதீர்கள். 2024 ஜூலை 27 அன்று பழைய ராஜேந்திர நகரில், குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்க வந்த மூன்று பேர் அப்படி ஒரு நிலத்தடித் தளத்தில் மழை நீர் புகுந்து இறந்தார்கள். வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

மண்டி ஹவுஸ்: முதல் சனிக்கிழமையே போங்கள்

மெட்ரோ அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பயணத்திலும் 10 விழுக்காடு தள்ளுபடி. பெண்களுக்கு ஓடும் திசையில் முதல் பெட்டி. நார்த் கேம்பஸிலிருந்து வருபவர்கள் விஷ்வவித்யாலயாவில் மஞ்சள் தடத்தில் ஏறி, ராஜீவ் சௌக்கில் நீலத் தடத்துக்கு மாறினால் இரண்டாவது நிலையம் மண்டி ஹவுஸ். முனீர்க்காவிலிருந்து என்றால் ஹௌஸ் காஸில் ஒரு மாற்றம், சென்ட்ரல் செக்ரட்டேரியட்டில் இன்னொன்று. ஜாமியாவிலிருந்து கால்காஜி மந்திரில் ஊதாத் தடத்துக்கு மாறினால் நேரே வந்துவிடலாம்.

மண்டி ஹவுஸ் வட்டத்தைச் சுற்றிப் பத்து நிமிட நடைக்குள் இருப்பவற்றைச் சொல்கிறேன். தேசிய நாடகப் பள்ளி, 1959-இல் தொடங்கியது. ரவீந்திர பவன் என்ற ஒரே கட்டடத்தில் சாகித்திய அகாதெமி, சங்கீத நாடக அகாதெமி, லலித் கலா அகாதெமி மூன்றும். கமானி அரங்கம். ஸ்ரீராம் சென்டர். எல்டிஜி அரங்கம். திரிவேணி கலா சங்கமம். இத்தனையும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த இன்னொரு சந்திப்பு இந்தியாவில் எனக்குத் தெரிந்து இல்லை.

முதல் நாள் எந்த நிகழ்ச்சியையும் குறி வைக்காதீர்கள். மாலை நான்கு மணிக்கு இறங்கி, வாசல் வாசலாக நடந்து, ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளைப் படியுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்கான நிகழ்ச்சிகள் அங்கேயே கிடைத்துவிடும். பிறகு தான்சேன் மார்க்கில் உள்ள திரிவேணிக்குள் போங்கள். 1950-இல் தொடங்கிய நிறுவனம் அது. கட்டடம் ஜோசப் ஆலன் ஸ்டைன் வடிவமைத்தது. ஓவியக் கூடங்களுக்குக் கட்டணம் இல்லை. மாலையில் போனால் ஏதோ ஒரு வகுப்பிலிருந்து சலங்கைச் சத்தம் கேட்கும். நாட்டியம், ஓவியம், சிற்பம் எல்லாம் அங்கே கற்றுத் தருகிறார்கள். திறந்தவெளி அரங்கின் படியில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலே, இது நமக்கான இடம் இல்லை என்ற கூச்சம் விலகிவிடும். புதிதாக வருபவர்களைத் தடுத்து நிறுத்துவது அந்தக் கூச்சம்தான், வாயிற்காவலர் இல்லை.

நாடகப் பள்ளியின் நாடகங்கள் பெரும்பாலும் இந்தியில் இருக்கும். மொழி புரியாதே என்று தயங்க வேண்டாம். உடலும் ஒளியும் பாதியைச் சொல்லிவிடும், மீதி பாதிக்காக இந்தி கற்கும் ஆசை வரும். எனக்கு அப்படித்தான் இந்தி வந்தது. கதைச் சுருக்கத்தை முன்கூட்டியே படித்துவிட்டுப் போனேன், மூன்றாவது நாடகத்தில் சிரிக்க வேண்டிய இடத்தில் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

சாகித்திய அகாதெமி 1954-இல் தொடங்கப்பட்டது. 24 மொழிகளுக்கு விருது தரும் அமைப்பு என்பது எல்லாருக்கும் தெரியும். அதன் நூலகத்தில் நம் மொழிக்கும் அலமாரிகள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தில்லிக் குளிரில், சுற்றிலும் வேறு மொழிகள் பேசும் ஊரில், தமிழ்ப் புத்தக முதுகுகள் வரிசையாக நிற்கும் அலமாரியின் முன் போய் நிற்பது தனி ஆறுதல். அங்கே ஒரு தமிழ் நாவலுக்குப் பக்கத்தில் வங்காளத்திலிருந்தும் கன்னடத்திலிருந்தும் பெயர்க்கப்பட்ட நூல்கள் கிடைக்கும். இலக்கியம் படிப்பவர்கள் உறுப்பினர் ஆகிவிடுங்கள்.

லோதி சாலைப் பக்கம்

அடுத்த வட்டம் லோதி தோட்டத்தை ஒட்டியது. இந்தியா இன்டர்நேஷனல் சென்டரும் இந்தியா ஹாபிடட் சென்டரும் இங்கேதான், இரண்டும் அதே ஸ்டைனின் கட்டடங்கள். இன்டர்நேஷனல் சென்டரின் சாப்பாட்டுக் கூடம் உறுப்பினர்களுக்கு மட்டும். ஆனால் உரைகள், திரையிடல்கள், கச்சேரிகளில் பெரும்பாலானவை எல்லாருக்கும் திறந்தவை, இலவசம். நிகழ்ச்சிப் பட்டியலில் 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நீங்கள் பாடமாகப் படிக்கும் வரலாற்றாசிரியரோ பொருளியலாளரோ ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அங்கே பேசிக்கொண்டிருப்பார், கேள்வி நேரத்தில் கை தூக்கினால் பதில் சொல்வார். வகுப்பறையில் கிடைக்காதது இது. ஜோர் பாக், கான் மார்க்கெட் நிலையங்களிலிருந்து நடந்தோ ஆட்டோ பிடித்தோ வரலாம்.

அயல்மொழி கற்க நினைப்பவர்களுக்குப் பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ் இங்கே பக்கத்தில், ஜெர்மனுக்கு மாக்ஸ் முல்லர் பவன் கஸ்தூர்பா காந்தி மார்க்கில். கட்டணம் அதிகம் என்று தோன்றினால், நார்த் கேம்பஸ் கல்லூரிகள் சிலவற்றில் பகுதிநேர மொழிச் சான்றிதழ் வகுப்புகள் நடக்கின்றன, அவற்றை விசாரியுங்கள்.

கர்நாடக இசையைத் தொடர விரும்புகிறவர்கள் இங்கே அநாதை இல்லை. தில்லிப் பல்கலையின் இசைப் புலத்தில் இந்துஸ்தானியோடு கர்நாடக இசையும் பாடமாக இருக்கிறது. இந்துஸ்தானியைக் கேட்டே இராதவர்கள் இங்கே தொடங்கலாம். ஆகஸ்டில் கமானி அரங்கில் நடக்கும் விஷ்ணு திகம்பர் ஜெயந்தி விழா நல்ல முதல் படி. மரபுக் கலைகளை மாணவர்களிடம் கொண்டுசெல்லும் ஸ்பிக் மேக்கே இயக்கம் 1977-இல் இந்த ஊர் ஐஐடியில்தான் பிறந்தது. அதன் தன்னார்வலராகச் சேர்ந்தால் பெரிய கலைஞர்களுக்குத் தம்புராவும் தண்ணீரும் எடுத்துவைக்கும் தூரத்தில் இருக்கலாம். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை.

அருங்காட்சியகம், ஆவணம், புத்தகம்

திங்கட்கிழமை அருங்காட்சியகம் போகாதீர்கள், மூடியிருக்கும். ஜன்பத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் மொகஞ்சதாரோவின் நடனப் பெண்ணைப் பார்க்க எல்லாரும் போவார்கள். உள்ளங்கை அளவே இருக்கும் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டுச் சோழர் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்துக்குப் போங்கள். திருவரங்குளத்திலிருந்து வந்த நடராசர் அங்கே இருக்கிறார். நாம் பார்த்துப் பழகிய தூக்கிய திருவடி இல்லை, முழங்கால்கள் மடிந்த சதுர தாண்டவம். நம் ஊர்க் கோயிலில் மாலையும் பட்டும் மறைக்கும் உடலைச் சுற்றிவந்து பார்க்க முடிகிறது என்ற வியப்பும், அவர் இருக்க வேண்டிய இடம் இதுதானா என்ற கேள்வியும் சேர்ந்தே எழும்.

ஜெய்ப்பூர் ஹவுஸில் நவீன ஓவியங்களுக்கான தேசியக் கூடம் இருக்கிறது. ஆய்வு மாணவர்கள் தேசிய ஆவணக் காப்பகத்துக்குத் துறைத் தலைவரின் கடிதத்தோடு போங்கள். தீன் மூர்த்தியிலுள்ள பிரதமர்கள் நூலகமும் அவர்களுக்குத் தேவைப்படும்.

புத்தகம் வாங்க ஞாயிற்றுக்கிழமை காலை. பல ஆண்டுகள் தரியாகஞ்ச் நடைபாதையில் நடந்த பழைய புத்தகச் சந்தை 2019 முதல் தில்லி கேட் மெட்ரோ அருகே மகிளா ஹாட்டில் நடக்கிறது. பத்து மணிக்கு முன்னால் போனால் நல்லவை கிடைக்கும். துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், சில்லறையும். பாடப் புத்தகங்களுக்குப் பழைய தில்லியின் நயி சடக் தெரு.

தமிழ் வேண்டும்போது

ஆர்.கே.புரம் ஐந்தாம் செக்டரில் தில்லித் தமிழ்ச் சங்கம், 1946-இல் தொடங்கியது. வாசலில் வள்ளுவர் சிலை, உள்ளே வள்ளுவர் பெயரில் அரங்கு, நூலகம். பொங்கலுக்குத் தனியாக அறையில் குக்கரோடு உட்கார வேண்டாம், அங்கே போய்விடுங்கள். ஏழாம் செக்டரில் மலை மந்திர் என்று ஊரே சொல்லும் உத்தர சுவாமிமலை முருகன் கோயில், 1973-இல் குடமுழுக்கு கண்டது. பக்தி இல்லாதவர்களும் ஒரு கார்த்திகைக்குப் போய்ப் பாருங்கள், நாலாபுறமும் தமிழ் காதில் விழும்.

குடும்பத்தோடு மாறுதலில் வருபவர்களுக்கு: 1923-இல் தொடங்கிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் மந்திர் மார்க், லோதி எஸ்டேட், ஜனக்புரி, ஆர்.கே.புரம் என ஏழு இடங்களில் பள்ளி நடத்துகிறது. பிள்ளை தமிழை எழுதப் படிக்கக் கற்க வேண்டும் என்று நினைத்தால் வீடு பார்க்கும் முன்பே அந்த ஏழு இடங்களையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தனியார் பள்ளிகளில் நர்சரிச் சேர்க்கைக்கு வீட்டிலிருந்து பள்ளி எவ்வளவு தூரம் என்பதுதான் அதிகப் புள்ளி தருகிறது.

தமிழை உயர்கல்வியில் தொடர்பவர்களுக்குத் தில்லிப் பல்கலையின் நவீன இந்திய மொழிகள் துறையிலும் ஜேஎன்யூவிலும் இடம் உண்டு. இந்திரா பார்த்தசாரதி தமிழ் கற்பித்தது இந்தத் தில்லிப் பல்கலையில்தான்.

ஆனால் தமிழ் நண்பர்களோடு மட்டும் மூன்று ஆண்டையும் கழித்துவிடாதீர்கள். இந்தியில் ஆரம்பத்தில் எல்லாரையும் 'ஆப்' என்றே விளியுங்கள், 'தும்' நெருங்கியவர்களுக்கு. கடைக்காரருக்கு 'பையா', பெண்களுக்கு 'தீதி', பெயருக்குப் பின்னால் 'ஜி'. இலக்கணம் பிழையானால் யாரும் முகம் சுளிப்பதில்லை, மரியாதை பிழையானால் சுளிப்பார்கள்.

பருவமும் நாட்காட்டியும்

குளிர் ஆடையை ஊரில் வாங்கி வராதீர்கள், அது இங்குள்ள குளிருக்குப் போதாது. நவம்பர் தொடக்கத்தில் சரோஜினி நகரிலோ காஷ்மீரி கேட் பக்கத்து மொனாஸ்டரி மார்க்கெட்டிலோ வாங்குங்கள். ஒரே தடித்த கோட்டைவிட உள்ளே போடும் வெப்ப உள்ளாடையும் இரண்டு அடுக்கும் மேல். தீபாவளியை ஒட்டிக் காற்று நஞ்சாகும். காற்றுத் தர எண்ணைக் காலையில் பாருங்கள், நல்ல முகமூடி அணியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வருவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசி மருந்தைக் கையில் வைத்திருங்கள்.

டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். பொங்கலுக்கு ஊருக்குப் போவதாக இருந்தால் இணைப்பு ரயிலை நம்பாமல், மதுரைக்காரர்கள் சம்பர்க் கிராந்தி, தென்கோடிக்காரர்கள் திருக்குறள் எக்ஸ்பிரஸ் என நேரே போகும் வண்டியாகப் பாருங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், அன்று காலையே போட்டுவிடுங்கள்.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போய்விட்டு வாருங்கள். ஆனால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் பாதி வரை ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள். உலகப் புத்தகக் கண்காட்சி ஜனவரியிலோ பிப்ரவரியிலோ பாரத் மண்டபத்தில் நடக்கும். சுப்ரீம் கோர்ட் மெட்ரோவில் இறங்கினால் எதிரே. அந்த வாக்கில்தான் நாடகப் பள்ளியின் பாரத் ரங் மகோத்சவ், 1999 முதல் பல மொழி நாடகங்களோடு நடப்பது. தமிழ் நாடகம் வந்தால் வகுப்புத் தோழர்களை அழைத்துப் போங்கள், இந்த முறை அவர்களுக்குக் கதைச் சுருக்கம் சொல்வது நீங்கள். மார்ச் வாக்கில் ரவீந்திர பவன் புல்வெளியில் சாகித்திய அகாதெமியின் இலக்கியத் திருவிழா. வெயில் இதமாக இருக்கும், லோதி தோட்டம் முழுக்கப் பூத்திருக்கும்.